போலி ஓலையும் பொல்லாத பயமும்

உரிமம் பறிபோனால் ஒரு மனிதனுக்கு என்ன நேரும் என்பதைத் தூத்துக்குடிக்கு யாரும் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் துறைமுகம் எந்தப் பெருமகனின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த வ.உ.சிதம்பரனார் ஒரு வக்கீல். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டில் வெள்ளைச் சர்க்கார் அவர்மீது ராஜதுரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளியது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தார். உடம்புக்கு வந்த துன்பம் அன்றோடு முடிந்தது. வயிற்றுக்கு வந்த துன்பம் அன்றுதான் தொடங்கிற்று. ஏன்? தண்டனை பெற்றவர் என்று சொல்லி அவருடைய வக்கீல் சன்னதைப் பறித்திருந்தார்கள். கப்பலோட்டிய தமிழர் கடை வைத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஒரு காகிதம் திரும்பக் கிடைத்ததற்காகப் பெற்ற பிள்ளைக்கே பெயர் சூட்டினார் என்றால், அந்தக் காகிதத்தில் எத்தனை வேளைச் சோறு அடங்கியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

அந்தச் சோற்றில்தான் இன்று ஒரு கயவர் கூட்டம் மண்ணள்ளிப் போடக் கிளம்பியிருக்கிறது. முகம் தெரியாது, ஊர் தெரியாது, பெயர் தெரியாது. சர்க்காரின் முத்திரையை வரைந்து, அதிகாரியின் கையெழுத்தைப் போலச் செய்து, மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். ‘உன் உரிமம் ரத்தாகப் போகிறது. இன்று மாலைக்குள் பணம் கட்டு. இல்லையேல் கைது’ என்கிறார்கள். படிப்பவன் நெஞ்சு அடைத்துப் போகிறான். பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுகிறான்.

இது யாரோ பெரிய மனிதருக்கு வந்த சங்கடம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1974இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்ற இந்தத் துறைமுகத்தில், உரிமச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை அசையாது. சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் சுங்கத் தரகருக்கு லைசென்ஸ் உண்டு. அவரிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஜி கார்டு, எச் கார்டு உண்டு. கப்பலுக்குப் போகும் மாலுமிக்கு சி.டி.சி. புத்தகம் உண்டு, அவரைக் கப்பலில் ஏற்றிவிடும் ஏஜென்சிக்கும் லைசென்ஸ் உண்டு. கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்குக் கனரக வாகன லைசென்ஸ். மருந்துக்கடைக்காரருக்குப் பதிவு. ஆஸ்பத்திரி டாக்டருக்குப் பதிவு. மின்சார வேலை பார்ப்பவருக்குச் சான்றிதழ். ஒரு சுங்கத் தரகரின் லைசென்ஸ் நின்றால் அவர் வீட்டு அடுப்பு மட்டுமா அணைகிறது? அவரை நம்பியிருக்கும் குமாஸ்தா, கார்டு வைத்திருக்கும் பையன், சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி, லாரிக்காரர் எல்லோருடைய அடுப்பும் சேர்ந்து அணைகிறது. ஆகவேதான் இதை நாம் தொழிலாளர் பிரச்சினை என்று சொல்லுகிறோம்.

நடந்ததைச் சொல்லுவோம். 2025 பிப்ரவரி 10ஆம் நாள் மத்திய மறைமுக வரி மற்றும் சுங்க வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜி.எஸ்.டி. புலனாய்வுத் தலைமை இயக்ககத்தின் பெயரில், விசாரணையில் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போலிச் சம்மன்கள் போகின்றன, எச்சரிக்கையாக இருங்கள் என்பது அதன் சாரம். அந்தப் போலிகள் எப்படி இருந்தன? இலாகாவின் சின்னம் இருந்தது. அசல் போலவே வாசகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அசல் கடிதத்தின் அடையாளமாகச் சர்க்காரே ஏற்படுத்தியிருந்த ‘ஆவண அடையாள எண்’ணும் இருந்தது!

இந்த எண்ணின் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வரி அதிகாரி அனுப்பும் கடிதம் உண்மையானதுதானா என்று பெறுகிறவன் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்தது. அதற்காக, 2019 நவம்பர் 8 முதல், சுங்கம், ஜி.எஸ்.டி. அதிகாரிகள் அனுப்பும் சம்மன், கைது உத்தரவு, சோதனை ஆணை, விசாரணைக் கடிதம் ஆகியவற்றில் 20 இடங்கள் கொண்ட ஓர் எண் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அடுத்த மாதமே மின்னஞ்சல் உட்பட எல்லாக் கடிதங்களுக்கும் அதை விரித்தார்கள். வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், கடிதம் அசலா போலியா என்று தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், வரவேற்கிறோம். ஆனால் கயவன் என்ன செய்தான்? 20 இடங்களுக்கு ஏதோ ஒன்றை நிரப்பி அச்சிட்டுவிட்டான். எண் இருக்கிறதே, அசல்தான் என்று எண்ணிக் கொண்டவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. பூட்டுத் தொங்குவதைப் பார்த்தார்கள். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் கூத்தன்று. அமெரிக்காவில் போதைமருந்துத் தடுப்பு நிர்வாகத்தின் அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு டாக்டர்களையும் மருந்தாளர்களையும் மிரட்டுகிறார்கள். அவர்களுடைய உரிம எண்ணையே சரியாகச் சொல்லி நம்ப வைத்து, ஆயிரக்கணக்கான டாலர் அபராதம் கேட்கிறார்கள். பணம் கேட்டு நாங்கள் ஒருநாளும் தொலைபேசியில் அழைப்பதில்லை என்று அந்த நிர்வாகமே அறிவிக்க வேண்டி வந்தது. அதே நாட்டில் பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா என்ற அமைப்பின் பெயரில் 2020 மே மாதம் தரகர்களுக்குப் போலி மின்னஞ்சல்கள் போயின. அனுப்பியவன் என்ன வித்தை செய்தான்? ஃபின்ராவின் முகவரிக்கு முன்னால் ‘புரோக்கர்’ என்று ஒரு சொல்லையும் ஒரு சிறு கோட்டையும் ஒட்டினான். அவ்வளவுதான். அதைப் பார்த்து நம்பியவர்களில் சிலரிடம் கணினியின் கடவுச்சொல்லையே கேட்டான்.

இங்கே நம் லாரித் தோழர்களுக்கு வேறு வேடம். போக்குவரத்து அபராதச் சீட்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. தொட்டால் கைபேசிக்குள் ஒரு திருட்டுச் செயலி புகுந்துகொள்கிறது. வங்கியிலிருந்து வரும் ரகசிய எண்களை அது படித்துக்கொள்கிறது. டாக்டருக்கு ஒரு முத்திரை, டிரைவருக்கு ஒரு முத்திரை; திருட்டு ஒன்றுதான்.

‘படித்தவர்கள்கூடவா இப்படி ஏமாறுவார்கள்?’ என்று சிலர் கேலி பேசுகிறார்கள். கேலி பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 2024இல் லூதியானாவில், பெரும் ஜவுளி நிறுவனம் ஒன்றின் தலைவர், 7 கோடி ரூபாயை இப்படிப் பறிகொடுத்தார். சி.பி.ஐ. என்றார்கள், உச்ச நீதிமன்றம் என்றார்கள், கணினித் திரையில் ஒரு போலி நீதிமன்றத்தையே நடத்திக் காட்டினார்கள். அவர் என்ன, எழுதப் படிக்கத் தெரியாதவரா? அந்த 2024ஆம் ஆண்டில் மட்டும் இணையக் குற்றங்களால் நாட்டு மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய்க்கு மேல் என்று மத்திய உள்துறை அமைச்சகம் பார்லிமெண்டில் கணக்குச் சொல்லியிருக்கிறது. இத்தனை கோடியும் அறிவில்லாதவர்களிடமிருந்துதான் போயிற்று என்று சொல்ல எந்த அறிவாளிக்குத் துணிவு உண்டு?

ஏமாறுவதற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று, பயம். அந்தப் பயத்தை விதைத்தவன் யார் என்பதுதான் நாம் கேட்க விரும்பும் கேள்வி.

போலிக் கடிதம் பலிப்பதற்குக் காரணம், அசல் கடிதத்தைக் கண்டு நாம் நடுங்கிப் பழகியிருப்பதுதான். சர்க்கார் ஆபீஸிலிருந்து வரும் நோட்டீஸ் எப்படி இருக்கிறது? தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ வருகிறது. சட்டப் பிரிவின் எண் இருக்கும். குற்றம் என்னவென்று புரியாது. யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாது. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். நேரில் போனால் நாளை வா என்பார்கள். அசல் அதிகாரி இப்படி நடந்துகொள்ளும்போது, போலி அதிகாரி அதட்டினால் அது அசல் என்றுதானே ஏழைக்குத் தோன்றும்? அதிகாரத்தின் குரல் அதட்டலாகவே இருந்து பழகிவிட்ட நாட்டில், அதட்டத் தெரிந்தவனெல்லாம் அதிகாரி ஆகிவிடுகிறான்!

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சுங்கத் தரகர் உரிம விதிகள் 2018ஐ எடுத்துப் பாருங்கள். லைசென்ஸை ரத்து செய்ய வேண்டுமானால், முதலில் காரணங்களைச் சொல்லி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதில் எழுத 30 நாள் தர வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். அவசரம் என்று உடனே நிறுத்தி வைத்தாலும், 15 நாளுக்குள் அவர் தரப்பைக் கேட்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். சட்டம் 30 நாள் கொடுக்கிறது. கயவன் 30 நிமிஷம் கொடுக்கிறான். சட்டம் உன் பதிலைக் கேட்கிறது. கயவன் உன் பணத்தைக் கேட்கிறான். சட்டம் நாலு பேர் அறிய விசாரிக்கிறது. கயவன் ‘யாரிடமும் சொல்லாதே’ என்கிறான். அவசரம், பணம், ரகசியம் இந்த மூன்றும் ஒரு கடிதத்தில் சேர்ந்து வந்தால், அதில் எத்தனை சிங்க முத்திரை இருந்தாலும் அது திருடன் எழுதிய ஓலைதான்.

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபர் 27ஆம் நாள் பிரதமரே வானொலியில் அதைச் சொல்லியிருக்கிறார். கைபேசித் திரை வழியாக ஒருவனைக் கைது செய்யும் அதிகாரம் இந்த நாட்டில் எவனுக்கும் இல்லை.

சர்க்கார் தரப்பில் என்ன சொல்லுகிறார்கள்? ‘நாங்கள்தான் எச்சரிக்கை வெளியிட்டோமே! சரிபார்க்க இணையதளம் வைத்தோமே! தண்டிக்கச் சட்டமும் இருக்கிறதே!’ என்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. பாரதிய நியாய சங்கிதையின் 204ஆவது பிரிவு, சர்க்கார் ஊழியராக வேடம் போடுகிறவனுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுகிறவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் என்கிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டில், ‘உன் லைசென்ஸ் போயிற்று’ என்ற செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவனுக்கு இந்தப் பிரிவுகளால் அந்த நேரத்தில் என்ன பயன்? சரிபார்க்கும் தளம் எங்கே என்று தேடுகிறான். போலிக் கடிதத்திலேயே ‘இங்கே சரிபார்க்கவும்’ என்று ஒரு சுட்டி இருக்கிறது. அதைத் தொடுகிறான். திருடனின் தளமே ‘கடிதம் அசல்’ என்று சான்று கொடுக்கிறது! திருடனிடமே போய், நீ திருடனா என்று கேட்டதுபோல ஆகிறது.

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்கிறோம். மத்திய சர்க்காரையும் கேட்கிறோம், மாநில சர்க்காரையும் கேட்கிறோம்.

உரிமம் வழங்கும் ஒவ்வோர் இலாகாவும், தன் ஆபீஸ் வாசலிலும் துறைமுகக் கேட்டிலும் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். நாங்கள் என்னென்ன செய்யமாட்டோம் என்று அதில் எழுதட்டும். தனி ஆளின் கணக்குக்குப் பணம் போடச் சொல்லமாட்டோம். வாட்ஸ்அப்பில் விசாரணை நடத்தமாட்டோம். கடவுச்சொல் கேட்கமாட்டோம் என்று எழுதட்டும்.

‘இந்தக் கடிதம் உங்களுடையதுதானா?’ என்று கேட்க ஒவ்வோர் ஆபீஸிலும் ஒரு ஜன்னல் திறக்கட்டும். கேட்ட அன்றே ஆம், இல்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். போனில் கேட்டால் எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆளை வைக்கட்டும்.

வரிக் கடிதத்துக்கு அடையாள எண் உண்டு. மாலுமிக்கும், டிரைவருக்கும், மருந்தாளருக்கும், மின் தொழிலாளிக்கும் போகும் கடிதங்களுக்கும் அதுபோல ஓர் எண்ணும், எல்லா இலாகாவுக்கும் பொதுவாக ஒரே சரிபார்ப்பு இடமும் வேண்டும். இலாகாவுக்கு ஒரு தளம் என்று வைத்தால் ஏழை எத்தனை வாசலைத் தேடுவான்?

இன்னொன்று. உரிமம் பெற்றவர் யார் என்று ஜனங்கள் தெரிந்துகொள்ளப் பட்டியல் வெளியிடுவது அவசியந்தான். அதில் பெயரும் எண்ணும் இருக்கட்டும். சொந்தக் கைபேசி எண்ணையும் வீட்டு மின்னஞ்சலையும் ஏன் சந்தியில் தொங்கவிட வேண்டும்? மீனுக்குத் தூண்டில் போடுகிறவனுக்கு நாமே மீன் இருக்கும் இடத்தைக் காட்டலாமா?

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நம் கைவசமும் வேலை இருக்கிறது. சங்கத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மிரட்டும் கடிதம் வந்தால் தனியாக உட்கார்ந்து படிக்காதே. சங்க ஆபீஸுக்குக் கொண்டு வா; இரண்டு பேரிடம் காட்டு. திருடனின் பலமே நீ தனியாக இருப்பதுதான். கடிதத்தில் உள்ள போன் எண்ணைக் கூப்பிடாதே. அதிலுள்ள சுட்டியைத் தொடாதே. உன் லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள முகவரியைப் பார். சர்க்கார் மின்னஞ்சல் முகவரிகள் பொதுவாக ஜி-ஓ-வி டாட் இன், என்-ஐ-சி டாட் இன் என்றுதான் முடியும். முன்னால் தெரியும் பெயரைப் பார்த்து ஏமாறாமல் கடைசி எழுத்து வரை பார். முகவரி சரியாக இருந்தாலும் அதோடு நின்றுவிடாதே. அடையாள எண்ணை நீயே வாரியத்தின் தளத்துக்குப் போய்ப் போட்டுப் பார். இப்போது சில சுங்கக் கடிதங்களில் அதற்குப் பதிலாக மின்கோப்பு வெளியீட்டு எண் இருக்கும். அதையும் சரிபார்க்க வாரியம் வழி வைத்திருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா? கஸ்டம்ஸ் ஹவுஸ் எங்கோ டில்லியிலா இருக்கிறது? பஸ் ஏறிப் போய், கடிதத்தைக் காட்டிக் கேள்.

கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். இந்தக் கரையில் சலாபம் நடந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. அந்தக் காலத்தில் முத்து வியாபாரி, முத்துக்களைச் சல்லடைகளில் இட்டுச் சலித்து, உருட்டிப் பார்த்து, தராசில் நிறுத்த பிறகுதான் விலை பேசுவான். சோதித்தானே என்று விற்பவன் கோபித்துக்கொண்டதில்லை. முத்து நல்ல முத்தாக இருந்தால் கோபிக்க என்ன இருக்கிறது? அசல் அதிகாரியும் அப்படித்தான். ‘சரிபார்த்துவிட்டு வருகிறேன்’ என்றால் அவர் கோபிக்கமாட்டார். கோபித்து அதட்டுகிறவன் போலி.

அசல் நோட்டீஸ் என்று தெரிந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடவும் கூடாது. கெடு நாளுக்குள் பதில் எழுது. எழுதத் தெரியாவிட்டால் சங்கத்தில் எழுதித் தருவார்கள். போலிக்கு அஞ்சுவது எத்தனை தவறோ, அசலை அலட்சியம் செய்வதும் அத்தனை தவறு.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதே. உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடு. வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஆண்டு 1930. உப்பளத் தொழிலாளர் நிறைந்த இந்த ஊருக்கு அந்த எண் மறக்குமா? எத்தனை சீக்கிரம் சொல்லுகிறாயோ அத்தனைக்கும் பணத்தை வழியில் மடக்க வாய்ப்பு உண்டு. வந்த செய்தியை அழித்துவிடாதே, அதுதான் சாட்சி. ஏமாந்தவனைப் பார்த்து நகைக்கிறவர்களுக்கும் சொல்லுகிறோம்: நீங்கள் நகைப்பதால் அவன் வாயை மூடிக்கொள்கிறான், அவன் வாயை மூடிக்கொண்டால் அதே திருடன் நாளை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். போலீஸ் நிலையத்திலும், ‘ஏன் ஏமாந்தாய்?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘எந்த வங்கி, எத்தனை மணிக்கு?’ என்று கேட்கப் பழக வேண்டும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். போலிக் கடிதம் வரும் ஒவ்வொரு முறையும், பெற்றவரின் பெயரை மறைத்துவிட்டு, அந்தக் கடிதத்தைச் சங்கப் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஓர் அசல் நோட்டீஸையும் ஒட்டுங்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நம் பிள்ளைகள் இரண்டையும் பார்த்துப் பழகட்டும். பத்துக் கூட்டம் போட்டுச் சொல்வதை அந்த ஒரு பலகை சொல்லிவிடும்.

வ.உ.சி.யின் சன்னதைப் பறித்த சர்க்காராவது முகத்தைக் காட்டிக்கொண்டு பறித்தது. எதிர்த்து நிற்க ஓர் எதிரி இருந்தான். இன்றைய கயவன் முகமில்லாதவன். சர்க்காரின் முகமூடியை மாட்டிக்கொண்டு வருகிறான். அந்த முகமூடி அவனுக்குப் பொருந்துகிறதே, அதுதான் சர்க்கார் வெட்கப்பட வேண்டிய இடம். மக்கள் பாஷையில் பேசும், கேட்டால் பதில் சொல்லும் சர்க்காரின் முகத்தைப் போலச் செய்வது எளிதன்று. அத்தகைய சர்க்காரைக் கேட்பது நம் உரிமை. கேட்கும்வரை ஒருவரை ஒருவர் காத்துக்கொள்வது நம் கடமை. உரிமத்தை ஒட்டி வரும் பயத்தைச் சங்க வாசலில் இறக்கி வையுங்கள், தோழர்களே! நாலு பேர் நடுவில் வைத்துப் படித்தால், போலி ஓலை அங்கேயே செத்துப் போகும்.